ரசத்தின் மேல் தூவும் கொத்துமல்லி

ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுகிறோம். அந்தச் சூட்டில் தழை வாடுமே தவிர வேகாது. அரை மணி நேரம் குழம்பில் கொதிக்கப்போகும் உருளைக்கிழங்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற வீடுகளில்கூட, கொத்துமல்லிக்குக் குழாயடியில் ஓர் உதறல்தான் கிடைக்கிறது. எங்கள் வீட்டிலும் நெடுநாள் அப்படித்தான்.

கொதிக்கிற காயில் ஒட்டியிருக்கும் கிருமியை அடுப்பு பார்த்துக்கொள்ளும். அடுப்பைப் பார்க்காமலே தட்டுக்கு வருகிறவைதான் வயிற்றைக் கெடுப்பவை. வெள்ளரிப் பிஞ்சு, கேரட் துருவல், தயிர்ப்பச்சடி வெங்காயம், பச்சையாக அரைக்கிற புதினாச் சட்னி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கோயம்பேடு போய்த் திரும்பும் காய்

பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னையை நோக்கி வரும்போது வேலப்பன்சாவடியைத் தாண்டினால் நம் வானகரம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் 2022இல் அ.தி.மு.க. பொதுக்குழு கூடிய மண்டபத்தால் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு மீன் சந்தையால். கோலார் தக்காளியும் மாலூர் கேரட்டும் லாரியில் நம் வீட்டு வாசலைக் கடந்துதான் கோயம்பேடு போகின்றன. அங்கே இறங்கி, ஏலம் போய், மூட்டை பிரிந்து, குட்டி யானையில் ஏறி, வந்த வழியே திரும்பி நம் தெருவுக்கு வருகின்றன. தோட்டத்து மண், பறித்த கை, லாரியின் தரை, சந்தைத் தளம், தள்ளுவண்டிக்காரர் தெளிக்கும் தண்ணீர் என்று ஒரு கட்டுக் கீரை எத்தனையோ இடங்களைத் தொட்டுவிட்டு வருகிறது.

2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். சில மாதங்கள் நம் கத்திரிக்காய் எதிர்த்திசையிலிருந்து வந்தது. அப்போதுதான் பலர் தக்காளியைச் சோப்பு நுரையில் ஊறப்போட்டார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அன்றைக்கே அது வேண்டாம் என்றது. காயின் தோலில் நுண்துளைகள் உண்டு. அவற்றில் இறங்கிய சோப்பு அலசினாலும் முழுதாகப் போகாது. அப்படியிருந்தும் அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோசுப் புழு மூளைக்கு ஏறுமா?

முட்டைக்கோசில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிக் கோசையே ஒதுக்கியவர்கள் உண்டு. செய்தியில் பாதி பொய், பாதி உண்மை. கோசையும் காலிஃபிளவரையும் தின்னும் பச்சைப் புழு ஓர் அந்துப்பூச்சியின் குஞ்சு. அது மனித உடம்பில் வாழாது. தவறி வெந்துவிட்டால் அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

மூளைக்குப் போவது வேறு: பன்றி நாடாப்புழுவின் முட்டை. அது கண்ணுக்கே தெரியாது. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் பாசன நீரிலும் கலந்து, கீரையிலும் காயிலும் ஒட்டிக்கொள்ளும். அதை விழுங்கினால் குடலில் பொரிந்து, ரத்தத்தோடு போய்த் தசையிலும் மூளையிலும் கட்டியாகத் தங்கும். வலிப்பு வரும். பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவருக்கு வருவது குடல் நாடாப்புழு. மூளைக்கட்டி வருவதற்கு அந்த முட்டை வாய்க்குள் போக வேண்டும். பிறந்ததிலிருந்து சைவமாக இருப்பவருக்கும் இது வருவதன் காரணம் இதுதான்.

இதைத் துலக்கியதில் நம் சாலையிலேயே மேற்கே இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் ஸ்கேனில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்த கட்டியைக் காசநோய் என்றே பலகாலம் கருதிவந்தார்கள். அவற்றில் பல நாடாப்புழுக் கட்டிகள் என்று 1980களின் இறுதியில் அங்கே மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் காட்டினார்கள். வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுதான் என்று தெரிந்தது. யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

குளோரின் கலந்த நீருக்கு நாடாப்புழு முட்டை லேசில் மசியாது. நீரின் ஓட்டத்திலும் விரலின் தேய்ப்பிலும் கழன்று போக வேண்டும், அல்லது நன்றாக வேக வேண்டும்.

மருந்து அடித்த காய்

தமிழகத்திலிருந்து போகும் காய்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று 2015இல் கேரளம் கிளப்பிய சர்ச்சை நினைவிருக்கலாம். குறை யார் மேல் என்ற வாதம் ஒருபுறம் இருக்க, கேரள வேளாண் பல்கலைக்கழகம் அங்குள்ள வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது: புளிக்கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுவது. புளி இல்லாத வீடு நம் ஊரில் ஏது?

சமையல் சோடாவும் உதவும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் 15 நிமிடம் வரை ஊறியபோது, தோலின் மேல் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று 80 சதவீதமும் மற்றொன்று 96 சதவீதமும் நீங்கின. தோலுக்குள் இறங்கியதை மட்டும் சோடாவாலும் எடுக்க முடியவில்லை. செடிக்குள்ளேயே ஊடுருவும் வகை மருந்தை எந்தக் கழுவலும் எடுக்காது. அது விவசாயியும் அரசும் தீர்க்க வேண்டிய சங்கதி. மருந்து போகிறதென்று விலை உயர்ந்த திரவங்களை வாங்கிக் குவிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்று தண்ணீர்

கீரையைக் கட்டோடு நனைத்தால் வெளித்தழை மட்டுமே குளிக்கும். கட்டை அவிழ்த்து, வேரை நறுக்கி, அகலமான பாத்திரத்தில் தழை மிதக்கும் அளவு தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டாமல் கீரையைக் கையால் அள்ளி எடுங்கள். கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையின் மேலேயே வந்து விழும். மூன்றாவது தண்ணீரிலும் அடியில் மணல் நெருடினால் நான்காவது தண்ணீர். கொத்துமல்லிக்கும் புதினாவுக்கும் இதே முறைதான்.

நறுக்கிய பின் கழுவுவது தலைகீழ் வேலை. வெட்டிய இடம் வழியே சத்தும் போகும், அழுக்கும் உள்ளே ஏறும். வெள்ளரியைத் தோல் சீவத்தானே போகிறோம் என்று விட்டுவிடாதீர்கள். தோலின் அழுக்கைக் கத்தியே உள்சதைக்குக் கொண்டுபோகும். தர்பூசணிக்கும் அதுதான். கோசின் மேலிலை இரண்டு மூன்றைக் கழித்துவிடுங்கள். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் சில நிமிடம் வையுங்கள். புழு வெளியே வந்துவிடும். இயந்திரத்தில் கழுவி வரும் ஊட்டி கேரட் பளபளப்பாக இருக்கிறதே என்று அப்படியே துருவ வேண்டாம்.

மேற்குப் புறநகரில் பல வீடுகளில் ஓடுவது போர் தண்ணீர் அல்லது லாரித் தண்ணீர். தொட்டி கழுவி எத்தனை மாதமாயிற்று என்பது வீட்டுக்காரருக்கே வெளிச்சம். ஆகவே பச்சையாகத் தின்பவற்றுக்குக் கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். கேன் தண்ணீர் ஒரு சொம்பு போதும்.

கழுவியும் தீராதவை

2011இல் ஜெர்மனியில் ஒரு கொடிய ஈகோலை பரவி, ஏறக்குறைய 4,000 பேரைப் படுக்கையில் தள்ளியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் அகப்பட்டது, எகிப்திலிருந்து போன வெந்தயத்தில் கட்டிய முளை. முளைகட்டும் ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. விதையிலேயே அது இருந்தால் முளையை எவ்வளவு கழுவினாலும் போகாது. பச்சைப்பயறு முளையை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்குப் பச்சை முளை வேண்டவே வேண்டாம்.

ஞாயிறு காலை வானகரம் சந்தையில் மீன் வாங்கிய பையிலேயே, திரும்பும் வழியில் கொத்துமல்லியையும் போட்டுக்கொள்கிறோம். மீன் தண்ணீர் அடியில் வடிந்து தழையை நனைக்கும். மீனுக்குத் தனிப் பை கொண்டுபோங்கள்.