குழாய் வெடிக்கும்வரை காத்திருக்கலாமா?

சொட்டுநீர்ப் பாசனம் போட்டிருக்கும் விவசாயி, மோட்டாரைப் போட்டதும் பிரஷர் மீட்டரைப் பார்ப்பார். முள் ஏறியிருந்தால் ஃபில்டரைக் கழுவுவார். பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார். குழாய் வெடிக்கும்வரை காத்திருக்க மாட்டார். ஆனால் தன் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை வருடத்துக்கு ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

‘தலைசுற்றல் இல்லை, நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிறேன். எனக்கு ஏது பி.பி.?’ என்று கேட்பவர்கள் பலர். இந்த நோயின் ஆபத்தே அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றின் ரத்தக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுத்துவிட்டு, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

120/80-க்குக் கீழே இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, பீடி, புகையிலை வேண்டாம். வயலிலிருந்து வந்த வேகத்தில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும்.

வியர்வையில் உப்பு போகிறதே?

வெயிலில் உழைப்பவருக்கு உப்பு கூடுதலாக வேண்டும் என்ற நம்பிக்கை கிராமங்களில் உண்டு. சாதம், குழம்பிலேயே தேவைக்கு மேல் உப்பு சேர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பழைய சோற்றுக்கு ஊறுகாய், கருவாடு, அப்பளத்துக்குப் பதில் சின்ன வெங்காயம் போதும். கீரை, காய், பழம் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வாழைப்பழம், இளநீர், ‘சோடியம் குறைந்த உப்பு’ ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

செய்யக்கூடாத இரண்டு

முதலாவது, ‘பி.பி. சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவது. அது சரியாக இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தினால் மறுபடி ஏறும். வெயில் காலத்தில் மயக்கம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை அவர் மாற்றிக் கொடுப்பார்.

இரண்டாவது, நடவு, அறுவடை நாட்களில் உடம்பு வலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுவது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை ரத்த அழுத்தத்தைக் கூட்டும்; சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மாத்திரைக்கு அலைய வேண்டுமே என்ற கவலை வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நேரம் முக்கியம்

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாத அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், பெண்களும் சேர்த்து, அடுத்த நடவுக்கு முன் ஒருமுறை பி.பி. பார்த்துவிடுங்கள். குழாய் வெடித்தால் மாற்றிக்கொள்ளலாம். மூளையின் ரத்தக் குழாய்க்கு மாற்று கிடையாது.