நடுத்தரக் கைச்சோடி (போக்கர்)

நடுத்தரக் கைச்சோடி என்பது டெக்சாஸ் ஹோல்டம் வகைப் போக்கர் சீட்டாட்டத்தில், ஓர் ஆட்டக்காரருக்கு மட்டும் வழங்கப்படும் இரு மூடிய சீட்டுகளும் ஒரே எண்ணுடையனவாகவும், அவ்வெண் ஏறத்தாழ 7 முதல் 10 வரை உள்ளதாகவும் அமைவதைக் குறிக்கும். ஏஸ், ராஜா, ராணிச் சோடிகளைப் போல் இவை தாமே வலுவானவை அல்ல. 2, 3 போன்ற சிறு சோடிகளைப் போல் எளிதில் கைவிடத் தக்கவையும் அல்ல. ஓயாது பணயத்தை உயர்த்தும் முனைப்பான எதிராளிக்கு எதிராக இவற்றை ஆடுவது போக்கரில் கடினமான முடிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இணையவழி ஆட்டத்தில் இந்நிலை அடிக்கடி எழும்.

நிகழ்தகவு

52 சீட்டுகள் கொண்ட கட்டில் ஏதேனும் ஒரு சோடி கிடைப்பதற்கான வாய்ப்பு 17-இல் 1 ஆகும். குறிப்பிட்ட ஒரு சோடி, எடுத்துக்காட்டாக 8-8, கிடைப்பதற்கான வாய்ப்பு 221-இல் 1 ஆகும். மேசையில் முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகள் ஃபிளாப் எனப்படும். அதில் அதே எண் மீண்டும் வந்து, மூன்று ஒரே எண் சீட்டுகள் கொண்ட செட் அமைவதற்கான வாய்ப்பு 11.8% மட்டுமே. அதாவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒரு முறை.

மாறாக, சோடியை விடப் பெரிய சீட்டு ஒன்றேனும் ஃபிளாப்பில் வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம்:

- 10-10: 69.5%
- 9-9: 79.3%
- 8-8: 86.7%
- 7-7: 92.1%

இவ்வெண்களைக் கண்டு அஞ்சி, பெரிய சீட்டு வந்தவுடன் விலகுவது புதிய ஆட்டக்காரர்களின் இயல்பு. ஆனால் சோடி அல்லாத இரு சீட்டுகளை வைத்திருக்கும் எதிராளிக்கு ஃபிளாப்பில் சோடியோ அதனினும் மேலானதோ சேர்வது 32.4% முறைகளில்தான். எனவே மூன்றில் இரண்டு முறை அவரும் வெறுங்கையுடனேயே பணயம் வைக்கிறார்.

ஃபிளாப்புக்கு முன்

முதலில் கருத வேண்டியது இருவரிடமும் உள்ள வில்லைகளில் குறைந்த அளவாகும். கட்டாயப் பணயம் 50, 100 எனக் கொள்வோம். 8-8 வைத்திருப்பவர் 250-க்கு உயர்த்துகிறார், கடைசி இடத்தில் அமர்ந்த முனைப்பான எதிராளி அதை 800-க்கு உயர்த்துகிறார், மற்றவர்கள் விலகுகின்றனர். நடுவில் 1,200 உள்ளது. ஈடுகட்ட 550 தேவை.

இருவரும் 10,000 வில்லைகளுடன் தொடங்கியிருந்தால் ஈடுகட்டுவது பொருந்தும். செட் அமைந்தால் எதிராளியிடமிருந்து மேலும் 9,200 வரை வெல்ல இடமுண்டு. ஈடுகட்டும் தொகையைப் போல் 10 முதல் 15 மடங்கு வில்லைகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி.

இருவரும் 2,500 வில்லைகளுடன் தொடங்கியிருந்தால் கணக்கு மாறுகிறது. செட் அமைந்தாலும் வெல்லக்கூடியது அதிகபட்சம் 2,900. இது 550-ஐப் போல் 5 மடங்குக்குச் சற்றே மேல். செட்டை மட்டும் நம்பினால் ஏழரை மடங்கு தேவை. ஆகவே இங்கு எஞ்சிய 2,250 முழுவதையும் வைப்பது அல்லது விலகுவது என்ற இரண்டே வழிகள் பொருத்தமானவை. எதிராளி ஏற்றுக்கொண்டால் 8-8 வெல்லும் வாய்ப்பு 38% எனக் கொண்டால்:

- எதிராளி பாதி முறை விலகுபவராயின், முழுப்பணயம் சராசரியாக ஏறத்தாழ 450 வில்லைகள் ஈட்டித் தரும்.
- பத்தில் ஒரு முறை மட்டும் விலகுபவராயின், ஏறத்தாழ 140 வில்லைகள் இழப்பு ஏற்படும்.

சீட்டு மாறவில்லை, தொகையும் மாறவில்லை. எதிராளியின் இயல்பு மட்டுமே ஈட்டத்தை இழப்பாக்குகிறது. எனவே, அவர் எவ்வளவு அடிக்கடி உயர்த்துகிறார் என்பதோடு, எதிர்ப்பு வந்தால் எவ்வளவு எளிதில் விலகுகிறார் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

ஃபிளாப்புக்குப் பின்

நடுவிலுள்ள தொகையில் பாதியை எதிராளி பணயமாக வைத்தால், ஈடுகட்டுபவருக்கு 25% வெற்றி வாய்ப்பு இருந்தாலே நட்டமில்லை. முழுத் தொகையை வைத்தால் 33% தேவை. 8-8 உள்ளவருக்குச் சில நிலைகள்:

- 7-5-2: சோடி எல்லாச் சீட்டுகளையும் விடப் பெரியது. தொடர்ந்து ஈடுகட்டலாம்.
- ராஜா-6-2: ஒரே ஒரு பெரிய சீட்டு. முதல் பணயத்தை ஈடுகட்டி, இரண்டாவது பணயம் பெரிதாக வந்தால் மறு ஆய்வு செய்யலாம்.
- ராணி-ஜாக்கி-9: எதிராளியின் பல கைகளுக்கு ஏற்றது. விலகுவதே நலம்.

இத்தகைய நிலைகளில் மறுபடி உயர்த்துவதை விட ஈடுகட்டுவதே பெரும்பாலும் மேலானது. உயர்த்தினால் வெறுங்கையுடன் மிரட்டுபவர் விலகிவிடுவார். சிறந்த கை உடையவர் மட்டும் நிலைத்திருப்பார். மிரட்டுபவரை மேலும் மிரட்ட விடுவதில்தான் நடுத்தரச் சோடியின் பயன் உள்ளது. எதிராளிக்குப் பின் ஆடும் இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது எளிது.

இணையவழி ஆட்டத்தின் தனித்தன்மை

இணையத்தில் எதிராளியின் முகக்குறிகளைக் காண இயலாது. பணயத்தின் அளவும் அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரமுமே தடயங்கள். சில தளங்களில் மென்பொருள் வழியாக எதிராளி உயர்த்தும் விழுக்காட்டைத் திரட்டுவர். சில பத்துக் கைகளைக் கொண்டு கணித்த விழுக்காடு நம்பத்தக்கதன்று.

சரியாக ஆடினாலும் உடனடி வெற்றி உறுதியில்லை. 8-8 கையும் ஏஸ்-ராஜா கையும் முழுப்பணயத்தில் மோதினால் வாய்ப்பு ஏறத்தாழ 55-க்கு 45 ஆகும். மேலும் பணத்துக்கு ஆடும் தளங்கள் ஆட்டத் தொகையில் தரகு பிடித்தம் செய்வதால், சமதிறன் கொண்ட இருவர் நெடுநாள் ஆடினால் இருவருமே பணத்தை இழப்பர். இழந்ததை மீட்க விரைந்து ஆடும்போது மேற்கூறிய கணக்குகள் கைவிடப்படுகின்றன.

தமிழ்நாட்டில் சட்ட நிலை

போக்கர் திறன் விளையாட்டா, வாய்ப்பு விளையாட்டா என்ற வினா தமிழ்நாட்டில் நீண்ட வழக்குகளுக்கு உட்பட்டது. திறன் மேலோங்கிய விளையாட்டு சூதாட்டம் ஆகாது என்ற அளவுகோலைக் கொண்டு, 1996-இல் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறன் சார்ந்தது எனத் தீர்ப்பளித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்த தமிழ்நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டு 3 அன்று நீக்கியது.

பண இழப்பால் நேர்ந்த தற்கொலைகளைத் தொடர்ந்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-இல் குழு அமைக்கப்பட்டது. அதன் பின் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகக் குறித்தது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அவ்வட்டவணையை நீக்கி, இவ்விரண்டும் திறன் விளையாட்டுகள் எனக் கூறியது. இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் அரசின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்த 2025-ஆம் ஆண்டு விதிமுறைகளையும் அதே ஆண்டு சூன் 3 அன்று உறுதி செய்தது.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசுச் சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடை செய்தது. தளம் நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதையடுத்து இந்தியப் போக்கர் தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. பணயம் இல்லாத பொழுதுபோக்கு ஆட்டங்கள் இத்தடையில் அடங்கா.