தேர்வெழுதாத பிள்ளை எந்தப் பட்டியலில்?

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு மாவட்டவாரிப் பட்டியலும் வந்துவிடுகிறது. 2024-ல் திருப்பூர் 97.45 விழுக்காட்டோடு முதலிடம், திருவண்ணாமலை 90.47 விழுக்காட்டோடு கடைசி இடம். வேலூர், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டங்கள் கடைசி வரிசையில் மாறி மாறி வருவதைப் பார்த்துப் பார்த்து, ‘இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று இந்தப் பக்கத்துக்காரர்களே சொல்லப் பழகிவிட்டார்கள். அதைக் கேட்கும்போதுதான் வயிறு எரிகிறது.

மாணவர்களிடையே போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம் என்று மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் கைவிட்ட மாநிலம் இது. பிள்ளைக்கு ரேங்க் கூடாது என்றால் மாவட்டத்துக்கு மட்டும் எதற்கு ரேங்க்?

ஒரே வினாத்தாள், ஒரே நாள், ஒரே நேரம். அதனால் ஒப்பிடுவதும் நியாயம் என்று தோன்றும். ஆனால் தேர்வறைக்குள் வந்து உட்காரும் வரை எதுவும் ஒன்றாக இல்லையே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் 74.21. இங்கே ஐந்தில் ஒருவர்தான் நகரவாசி. திருப்பூரிலோ பாதிக்கு மேல். செங்கம், தண்டராம்பட்டு பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். ஜவ்வாதுமலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகும்போது, உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுப்போன பிள்ளை திரும்ப வருமா, வராதா என்பது வாத்தியாருக்கே தெரியாது.

திருவண்ணாமலை நகரத்துக்கென்று தனிச் சிக்கலும் இருக்கிறது. கார்த்திகை தீபம் என்றால் பத்து நாள் திருவிழா. வெளியூரிலிருந்து வரும் போலீஸார் தங்கப் பள்ளிக் கட்டடங்கள் வேண்டும், உள்ளூர் விடுமுறையும் வரும். அரையாண்டுத் தேர்வுக்குப் பாடம் முடிக்க வேண்டிய நேரம் அது. மாசி, பங்குனிப் பௌர்ணமிகளோ பொதுத்தேர்வு நடக்கும் நாட்களை ஒட்டியே வருகின்றன. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும் இரவில், அங்கே கடை போட்டுப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து படிக்கும்? 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வந்த பட்டியலில் மழைக்கோ மண்ணுக்கோ ஒரு நட்சத்திரக் குறிகூடக் கிடையாது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் கதை வேறு. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தவர்களை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் இந்த மாவட்டத்துக்கும் புதிதல்ல. பள்ளி எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டத்தின் கணக்கில்தான் தேர்ச்சி ஏறும். நம் பிள்ளை, அந்த ஊர் விழுக்காடு.

உலகம் நம்மை ஒப்பிட்டபோது நாம் என்ன செய்தோம் என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான ‘பீசா’ என்னும் சர்வதேசத் தேர்வின் 2009 சுற்றில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 74 இடங்களில் 72-ம் 73-ம் நமக்குக் கிடைத்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று வாதிட்டு, அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே நியாயத்தை ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூர் பிள்ளை கேட்டால் மட்டும் ‘சாக்குப்போக்கு’ என்று ஏன் தள்ளுகிறோம்?

ஒப்பீடு அநியாயம் என்பதோடு விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பட்டியல் வேறொரு காரியம் செய்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வெழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு. தேர்வுக்கே வராதவர் அதில் இல்லை. ஒரு பள்ளியில் ஒன்பதாவது படித்த 100 பேரும் தேர்வெழுதி 90 பேர் தேறினால் 90 விழுக்காடு. பக்கத்துப் பள்ளியில் 100 பேரில் 15 பேர் நடுவில் காணாமல்போய், மீதி 85 பேரில் 83 பேர் தேறினால் 97-ஐத் தாண்டிவிடும். முதல் பள்ளி கரையேற்றிய பிள்ளைகள் ஏழு பேர் அதிகம். மெமோ வருவதென்னவோ அந்தத் தலைமையாசிரியருக்குத்தான்.

இப்படி ஒரு கணக்கு இருக்கும்போது என்ன நடக்கும் என்பது பள்ளிக்கூட வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அரையாண்டு மார்க் வந்ததும் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியல் தயாராகும். நல்ல பள்ளி என்றால் மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். மற்ற இடங்களில் பெற்றோருக்கு ஆள் போகும். ‘இவனுக்குப் படிப்பு வரல, டி.சி. வாங்கிக்கிட்டு ஐ.டி.ஐ.ல போடுங்க’, ‘தனித்தேர்வரா எழுதட்டும்’ என்று பேச்சு நயமாகத்தான் இருக்கும். தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் போவதற்குள் பெயர் போய்விடும். அப்படிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவர்கள். செங்கல் சூளையிலிருந்து வந்த இருளர் வீட்டுப் பையன், மலைக் கிராமத்துப் பெண். பெண் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் அடுத்த ஆவணிக்குள் கல்யாணப் பேச்சு எழும்.

இதற்கு நேர்மாறாக நடக்கும் ஆசிரியர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். பள்ளிக்கு வராத பையனை வீடு தேடிப்போய்க் கூட்டிவருகிறவர்கள். மூன்று மாதம் பாடமே கேட்காத அந்தப் பையன் தேர்வெழுதி ஒரு பாடத்தில் தவறினால், பள்ளியின் விழுக்காடு இறங்கும். கூட்டிவராமல் இருந்திருந்தால் இறங்கியிருக்காது. நல்லது செய்த மனிதர் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 மார்ச்சில் ப்ளஸ் டூ மொழித்தாளுக்கு மாநிலம் முழுக்கச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று செய்தி வந்தபோது பெரிய பரபரப்பு. அவர்களில் பலர் ப்ளஸ் ஒன் காலத்திலேயே பள்ளியை விட்டு விலகியவர்கள். அவர்கள் பெயர் நாமினல் ரோலில் இருந்ததால்தான் அந்த எண்ணிக்கையாவது வெளியே தெரிந்தது. இப்போது 2025-26 முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே தலை எண்ணிப் பார்க்க இருந்த ஒரு வாசலும் அடைபட்டதே என்று பயப்படுகிறேன்.

பட்டியல் இருப்பதால்தான் பின்தங்கிய மாவட்டங்களில் மேலிடத்தின் கவனம் விழுகிறது என்பவர்களும் உண்டு. விழட்டும். எதன் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இன்று ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. நாலு ஆண்டுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர். ப்ளஸ் டூ தேறியவர்கள் இத்தனை, துணைத்தேர்வில் தேறியவர்கள் இத்தனை, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போனவர்கள் இத்தனை, எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்கள் இத்தனை என்று மாவட்டவாரியாக மே மாதமே வெளியிட முடியும். அந்தக் கணக்கிலும் திருவண்ணாமலை கடைசியில் வரலாம். வந்தால், தண்டராம்பட்டு ஒன்றியத்தில் எந்தப் பள்ளியில் எத்தனை பெண் பிள்ளைகள் பத்தாவதுக்கு முன் நின்றார்கள் என்று பெயரோடு கேட்க வழி பிறக்கும். கோடை விடுமுறை முடிவதற்குள் அந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பவும் நேரம் இருக்கும்.