சர்க்கரை மலை – 11: குச்சிக்கிழங்கு செய்த குற்றம் என்ன?

இன்சுலின் ரத்தத்தில் ஓயாமல் மிகுந்திருந்தால் செல்கள் பெருகத் தூண்டப்படும், அதில் புற்று செல்லும் குளிர்காயும். போன வாரக் கதை இவ்வளவுதான். இந்த வாரம் கருப்பைப் புற்று என்று வாக்குக் கொடுத்திருந்தேன். குச்சிக்கிழங்கு குறுக்கே வந்துவிட்டது.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே சரிவெல்லாம் மரவள்ளிதான், அதாவது குச்சிக்கிழங்கு. கட்டவெட்டிச் சாமையும் மல்லியச் சாமையும் விளைந்த காடுகள் அவை. “இந்தக் கிழங்கால்தான் சர்க்கரையாமே, கணையத்தில் புற்றும் வருமாமே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வதந்தி என்று ஒதுக்கப் பார்த்தேன். தேடினால், அதற்குப் பெரிய வம்சாவளியே இருக்கிறது!

1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர், ஒட்டி உலர்ந்த ஏழை நோயாளிகள் சிலரின் கணையத்தில் கற்களைக் கண்டார். அவர்களிடம் சர்க்கரையும் இருந்தது. சாப்பாடு பெரும்பாலும் மரவள்ளி. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதே நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம் பார்த்தார். கிழங்கிலுள்ள சயனைடை முறிக்கக் கந்தகம் கலந்த புரதம் வேண்டும். அது ஏழையின் தட்டில் இல்லை. அதனால் கணையம் கெடுகிறது என்று 1979-இல் ஒரு கருத்து வந்தது.

இனிதான் விஷயமே. வழக்கமான சர்க்கரை நோயில் கணையப் புற்றின் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் கணையக்கல் நோயில்? டாக்டர் சுரேஷ் சாரி, சென்னை டாக்டர் வி. மோகன் முதலானோர் 1994-இல் வெளியிட்ட கணக்கு: சுமார் நூறு மடங்கு! படித்துவிட்டு எழுந்து நடந்தேன்.

ஆனால் கிழங்கின் மீதான வழக்கு நிற்கவில்லை. மரவள்ளியே சோறாக இருக்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த நோய் அதிகமில்லை. கிழங்கைத் தொடாதவர்களுக்கும் வந்திருக்கிறது. பிறகு ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் கோளாறு நோயாளிகள் பலரிடம் தென்பட்டது. கிழங்கை விடுதலை செய்துவிடலாம்.

முழு விடுதலை இல்லை. கொல்லிமலைக் கிழங்கில் பெரும்பகுதி கீழே சேகோ ஆலைக்குப் போகிறது. காசு கைக்கு வருகிறது. சாமையைக் குத்திப் புடைக்கும் பாடு ஒழிகிறது. ரேஷன் அரிசி உலைக்கு வருகிறது. தின்றதால் அல்ல, விற்றதால்தான் அந்தக் கிழங்கு மலையின் தட்டை மாற்றியது. இதற்காகக் குடியானவரைக் குறை சொல்பவர்கள் ஒருநாள் உலக்கை பிடித்துப் பார்க்கட்டும். சாமை அரைக்கும் இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்தப் பாடு புரிந்திருந்தது.

நூறு மடங்குக் கணக்கைச் சொன்ன அதே சாரி பிற்பாடு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்து 2005-இல் இன்னொன்று சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு மூன்றாண்டுகளுக்குள் கணையப் புற்று வெளிப்பட்டது. சில சமயம் சர்க்கரையால் புற்று அல்ல, மறைந்திருக்கும் புற்றால் சர்க்கரை.

கருப்பைக்கு அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன். அதற்குள் ஒன்று: உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய யாருக்காவது திடீரென்று சர்க்கரை வந்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால், மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். கணையத்தையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.