கெளுத்தி முள்ளுக்கு வெந்நீர். கடல் பாம்புக்கு ஆஸ்பத்திரி

வலையை மேலே இழுத்துப் படகின் தளத்தில் கொட்டியதும் மீனை இனம் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். சீக்கிரம் முடித்தால்தான் மீனை ஐஸில் போட முடியும். அந்த அவசரத்தில்தான் கெளுத்தி முள் கையில் ஏறுகிறது. தேங்காய்த்திட்டு, வீராம்பட்டினம், நல்லவாடு, காலாப்பட்டு என்று புதுச்சேரிக் கரையோரத்தில் எந்த ஊர் மீனவரும் இந்த வலியை அறிவார். ஆனால் முள் குத்திய முதல் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியதை அறிந்தவர் குறைவு.

முள்ளில் விஷம் எங்கே?

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் இரண்டு என மூன்று முட்கள் உண்டு. திருக்கைக்கு வாலின் மேல் அரம் போன்ற பல் கொண்ட முள் இருக்கிறது. முள்ளைப் போர்த்திய மெல்லிய தோலில் விஷம் தங்கியிருக்கும். குத்தும்போது தோல் கிழிந்து விஷம் புண்ணில் இறங்குகிறது. மீன் செத்த பிறகும் முள் குத்தினால் கடுக்கும்.

இந்த விஷம் புரதப் பொருள். கொதிக்கும் சூட்டில் கெட்டுவிடும். அதனால்தான் கெளுத்திக் குழம்பும் திருக்கைக் குழம்பும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கையைக் குழம்பு போல் கொதிக்க வைக்க முடியாதுதான். எனினும், பொறுக்கக்கூடிய சூடே வலியைப் பெரிதும் தணிக்கிறது.

வெந்நீர் வைத்தியம்

புண்ணை நன்றாகக் கழுவி, மேலாகத் தெரியும் முள் துண்டுகளை எடுத்துவிட வேண்டும். பிறகு கையையோ காலையோ வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகவே நல்ல கையை விட்டுப் பார்த்த பிறகே அதை வைக்க வேண்டும். தண்ணீர் ஆறினால் மாற்ற வேண்டும்.

கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகியவை கூடவே கூடாது. வலி நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்க வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கினால் புண் சீழ் வைக்கும். விரலையே இழக்க நேரலாம். விரல் போனால் வலை வேலையும் போயிற்று.

மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ திருக்கை முள் பாய்ந்திருந்தால் பிடுங்கக் கூடாது; அப்படியே கொண்டு செல்ல வேண்டும். விலங்குகளைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களால் புகழ் பெற்ற ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4-இல் திருக்கை முள் மார்பில் பாய்ந்து இறந்தார். கரைவலை இழுப்போர் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும்.

சொறி பட்டால்

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. இரண்டும் வெடிக்காத விஷப் பைகளை வெடிக்கச் செய்யும். கடல் நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைக் குறட்டால் எடுக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

வலிக்காத கடி

கடல் பாம்பு விஷயம் வேறு. துடுப்பு போன்ற தட்டை வாலே அதன் அடையாளம். கடித்த இடம் அதிகம் வலிக்காது, வீங்காது. 'ஒன்றுமில்லை' என்று மீண்டும் வேலையில் இறங்குவதே ஆபத்து. சில மணி நேரத்தில் உடம்பெங்கும் சதை வலிக்கும், வாய் திறக்க முடியாது, சிறுநீர் கறுத்துப் போகும். மூச்சு நிற்கலாம், சிறுநீரகமும் கெடலாம். இதற்கு வெந்நீர் உதவாது.

நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது. மாமல்லபுரத்துக்கு அருகே 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. கடல் பாம்பு அந்த நான்கில் சேராது. செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியே உயிர் காக்கும். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலுக்குச் சட்டம் வைத்துக் கட்டி, படகை உடனே திருப்ப வேண்டும்.

சமைத்தும் போகாத நஞ்சு

பேத்தை மீனின் நஞ்சு மட்டும் அடுப்பில் அழியாது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அதைக் குழம்புக்கோ கருவாட்டுக்கோ சேர்க்கக் கூடாது.

படகில் இருக்க வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வலையையும் எஞ்சினையும் பழுது பார்ப்பது வழக்கம். அப்போதே தடித்த கையுறை, நீண்ட குறடு, சுத்தமான துணி, வெந்நீருக்கு ஒரு பெரிய பிளாஸ்க் ஆகியவற்றைப் படகில் சேர்த்துவிடலாம். கெளுத்தி முள்ளைக் குறட்டால் முறித்த பிறகே பிரிக்க வேண்டும். முறித்த முள்ளை மணலில் வீசாமல் ஒரு டப்பாவில் சேர்ப்பது, வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளுக்கும் நல்லது.