ஜெராக்ஸ் மங்கலா வருதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கலாம்



சென்ற மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்ததை முதலில் சொல்லி விடுகிறோம். ஆம்பூர் பக்கத்துக் குழு ஒன்று வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தது. தீர்மான நகல், பாஸ்புக் நகல், ஆதார் நகல் எல்லாம் நம் மெஷினில்தான் எடுத்தார்கள். எழுத்து கொஞ்சம் மங்கல். "பரவாயில்லை, படிக்க முடியுது" என்று நாங்களே கொடுத்து அனுப்பினோம். கணக்கு எண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்று தெரியாமல் வங்கியில் திருப்பிக் கொடுத்து விட்டார்கள். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் குழுப் பிரதிநிதி மறுபடி ஒரு நாள் லீவு போட்டார். ஒரு நாள் சம்பளம் போச்சு, கடனும் தள்ளிப் போச்சு. இதில் வங்கியைக் குறை சொல்ல முடியாது. மங்கலான நகலைக் கொடுத்தது நம் தவறு.

அப்புறம் மெக்கானிக் வந்து பார்த்தார். பெரிய ரிப்பேர் எதுவும் இல்லை. கண்ணாடியில் வெள்ளைப் படலம், தட்டில் ஈரம் ஏறிய பேப்பர், அவ்வளவுதான். நாமே பத்து நிமிடத்தில் சரி செய்திருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

சீப்பால் தலை வாரிவிட்டு அதைக் காகிதத் துண்டுகள் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக் கொள்ளும் அல்லவா? அதே நிலைமின்சாரம்தான் இங்கேயும். அமெரிக்காவைச் சேர்ந்த செஸ்டர் கார்ல்சன் அலுவலகத்தில் காகிதங்களுக்கு நகல் எடுத்து அலுத்துப்போய் இந்த வழியைத் தேடினார். கந்தகம் பூசிய தகட்டைத் துணியால் தேய்த்து, ஒளி காட்டி, பொடி தூவி, 1938 அக்டோபர் 22-ல் முதல் நகலை எடுத்தார்.

இன்றைய மெஷின் முதலில் கண்ணாடி மேல் உள்ள தாளைப் படிக்கிறது. பிறகு டிரம் என்னும் உருளையில் அந்த எழுத்தை ஒளியால் பதிக்கிறது. அந்த இடத்தில் டோனர் பொடி ஒட்டுகிறது. பொடி பேப்பருக்கு மாறுகிறது. கடைசியில் ஹீட்டர் உருளை பொடியை உருக்கிப் பேப்பரில் பிடிக்க வைக்கிறது. ஆக, கண்ணாடி, டிரம்-டோனர், ஹீட்டர், பேப்பர் என்று நாலு இடம் பார்த்தால் போதும்.

முதல் சோதனை

மெஷின் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால் ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் சுத்தமாக வந்து, ஜெராக்ஸ் மட்டும் மோசமாக இருந்தால் கோளாறு கண்ணாடிப் பக்கம். இரண்டுமே மோசம் என்றால் டிரம், டோனர், ஹீட்டர், பேப்பர் பக்கம்.

அறிகுறியும் காரணமும்

1. எல்லா நகலிலும் ஒரே இடத்தில் புள்ளி: மூலத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து எடுங்கள். புள்ளி அதே இடத்தில் நின்றால் கண்ணாடியில் அழுக்கு. வைட்னர், பசை காய்வதற்குள் தாளை வைப்பதால் வருவதுதான் இது.

2. மேலே உள்ள ஃபீடரில் விட்டால் மட்டும் நீளக் கோடு: பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் ஒரு தூசி இருந்தாலே கோடு விழும். பலரும் இதைத் துடைப்பதே இல்லை.

3. ஒரே தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப கறை: உருளையில் குறை. டிரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் கறை விழும். 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் சுமார் 94 மி.மீ.க்கு ஒரு தடவை. ஸ்கேல் வைத்து அளந்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

4. முழுத் தாளும் வெளிறிப் போதல்: டோனர் சேமிப்பு முறை ஆன் ஆகியிருக்கிறதா, கருமை அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள். டோனர் கார்ட்ரிட்ஜ் இருந்தால் வெளியே எடுத்து, படுக்கை வாட்டில் பிடித்து, இடம் வலமாக ஐந்தாறு முறை மெல்ல ஆட்டிப் போடுங்கள். கொஞ்ச நாள் ஓடும். அதற்குள் புதிது வாங்கி விட வேண்டும்.

5. பின்னணி சாம்பல் நிறம்: மூடி சரியாக மூடவில்லை, அல்லது பழைய மஞ்சள் தாள். கருமையை ஒரு படி குறையுங்கள். போகவில்லை என்றால் டிரம் பழசாகியிருக்கும்.

6. விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்தல்: ஹீட்டர் சூடு போதவில்லை. தடித்த தாள் என்றால் மெஷினில் தடித்த தாள் என்று மாற்றிக் கொடுங்கள்.

7. நடுநடுவே திட்டுத் திட்டாக விட்டுப் போதல்: பேப்பரில் ஈரம். புதுக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மீதிப் பேப்பரை உறையிலேயே சுற்றி, தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள்.

துடைக்கும்போது கவனம்

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியபின் கை வையுங்கள். நூல் உதிராத துணியைத் தொட்டு நனைத்துப் பிழிந்து கண்ணாடியை மட்டும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். தோல் கழிவால் நம் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் கெட்டதை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் பதிவு செய்தது. அந்த உப்புத்தான் காய்ந்து கண்ணாடியில் வெள்ளைப் படலமாக நிற்கிறது. கேன் தண்ணீர் போதும்.

ஷூ கம்பெனியில் பசை துடைக்கும் தின்னர், பெட்ரோல் எதையும் கொண்டு வந்து துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாழாகும், சூடான மெஷின் பக்கம் தீப்பிடிக்கும். டிரம்மை விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்தில் வைக்காதீர்கள். டோனர் கொட்டினால் ஊதாதீர்கள். மூக்கில் துணி கட்டி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். கை, சேலையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் பொடி இளகி ஒட்டிக் கொள்ளும்.

ஹீட்டர், டிரம், உள்ளே ஒயர் சம்பந்தப்பட்டது எல்லாம் மெக்கானிக் வேலை. நாம் கை வைக்க வேண்டாம்.

இனி நம் அலுவலகத்தில்

காலையில் மெஷின் போட்டதும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு நகல் எடுத்துப் பார்க்கிறோம். டோனர் மாற்றிய தேதி, மெக்கானிக் வந்த தேதி, மீட்டர் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். கணக்கு எண், பெயர், முகம், சீல், கையெழுத்து ஐந்தும் தெளிவாக இருந்தால்தான் நகலைக் கொடுக்கிறோம். தெளிவில்லாத நகலுக்குக் காசு வாங்குவதில்லை.

நீங்களும் வாங்கும் இடத்திலேயே நின்று பாருங்கள். "அக்கா, இந்த நம்பர் தெரியல, வேற எடுத்துக் கொடுங்க" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். இரண்டு ரூபாய்க் காகிதத்தால் ஒரு நாள் கூலி போகக் கூடாது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள்.