ரோல் மிச்சத்தில் எடுத்த ராத்திரி

மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் 1999-ல் திறக்கும் வரை, மதுரையிலிருந்து தெற்கே போகிறவர்கள் பழங்காநத்தத்தில்தான் பஸ் ஏறினார்கள். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் வண்டி அங்கே. பகலில் புழுதியும் புகையுமாகக் கிடக்கும் இடம், ராத்திரி பத்து மணிக்கு மேல் களை கட்டிவிடும். ஊர்ப் பெயரை ராகம் போட்டுக் கூவும் கண்டக்டர், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி மூட்டைகளை எண்ணும் தகப்பன், ஜன்னலோரம் கூடையை உயர்த்திப் பிடிக்கும் கொய்யாப்பழக்காரம்மா, கல்லில் தாளம் தப்பாமல் விழும் கொத்துப் பரோட்டாச் சத்தம். நகரத்து இரவையும் அதில் நடமாடும் முகங்களையும் படமெடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. ஆனால் அந்த இரவுகளின் படங்களைத் தேடினால் கைக்கு அகப்படுவது அபூர்வம். இன்று அங்குள்ள ரவுண்டானாவில் நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாலு பேர் போனைத் தூக்கிப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அன்று எடுக்க ஆளில்லாமல் இல்லை. பிலிம் ஒத்துழைக்கவில்லை. கொஞ்சம் வசதியான வீடுகளில் இருந்த ஆக்ஃபா க்ளிக் பெட்டி, பளிச்சென்ற வெயிலுக்கென்றே செய்தது. யாஷிகாவோ பென்டாக்ஸோ வைத்திருந்த தொழில்காரருக்கும் சங்கடம்தான். கடையில் கேட்டவுடன் கிடைப்பது நூறு ஏ.எஸ்.ஏ. பிலிம், இருட்டுக்கு ஏற்ற நானூறு வேண்டுமென்றால் கூடக் காசு கொடுக்க வேண்டும். அந்த நானூறைப் போட்டு, லென்ஸை எஃப் 2.8 வரை திறந்து வைத்தாலும், தெருவிளக்கடியில் ஷட்டர் பதினைந்தில் ஒரு பங்கு நொடியாவது திறந்திருக்க வேண்டும். ஐம்பது மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து ஆடாமல் எடுக்க ஐம்பதில் ஒரு பங்கு நொடி தேவை என்பது இந்தத் தொழிலில் பால பாடம். ஆகவே விளக்குக் கம்பத்தில் தோளை முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார்கள். 1930-களின் பாரிஸ் இரவுகளைப் படமெடுத்த பிராசாய், ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை வைத்து ஷட்டர் கணக்குப் பார்த்தாராம். நம்மூர்க்காரர்கள் வாய்க்குள் ஒன்னு, ரெண்டு எண்ணினார்கள்.

எடுப்பவர் ஆடாமல் இருந்தால் போதுமா, எதிரே இருப்பவரும் ஆடக் கூடாதே. "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டால் முகம் விறைத்துப் போகும். அதனால் மனிதர்கள் தாமாக அசைவற்று நிற்கும் அரை நொடிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டார்கள். டீ கிளாஸை ஊதிவிட்டு வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒன்று உண்டு. சில்லறையை எண்ணி முடித்த பிறகு ஒன்று. தூரத்தில் வரும் வண்டியின் போர்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்கும்போது இன்னொன்று, அதுதான் எல்லாவற்றிலும் நீளமானது. இதையெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால்தான் பிடிபடும்.

பிளாஷ் இருந்ததே என்று கேட்கலாம். கல்யாண வீட்டுக்கு அது தெய்வம், தெருவுக்கு எமன். பிளாஷின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் கால் பங்குதான் நாலு மீட்டரில் நிற்பவருக்குப் போய்ச் சேரும். முன்னால் மாவு பூசினாற்போல ஒரு முகம், பின்னால் மொத்த பஸ் ஸ்டாண்டும் கரி. தவிர, முதல் மின்னலுக்கே எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் போஸ்.

ஆக, பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். அதற்குக் கிட்டத்தில் நிற்க வேண்டும். கிட்டத்தில் நிற்க வேண்டுமென்றால் பழக வேண்டும். "என்ன தம்பி, எந்தப் பத்திரிகை?" என்று தொடங்கும் பேச்சு, மாஸ்டர் தட்டும் இரண்டாவது பரோட்டாவுக்குள் குடும்ப விசாரணைக்குப் போய்விடும். படம் எடுத்தானதும் ஒரே கேள்விதான் வரும்: "எப்பண்ணே படம் வரும்?" அடுத்த வாரம் ஒரு பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு அந்தக் கடை முழுக்கச் சொந்தம். அப்புறம் யாரும் கேமராவை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். இயல்பான முகம் என்பது அப்படிச் சம்பாதித்தது.

ரோலுக்கு 36 படம் என்பதால் யாரும் தெருவுக்காக ரோல் வாங்கவில்லை. ரிசப்ஷன் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் கல்யாண போட்டோகிராபரின் கேமராவில் இரண்டு மூன்று பிரேம் மிச்சமிருக்கும். ரோல் முடியாமல் கழுவக் கொடுக்க மனசு வராது. வழியில் டீக்கடை, கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், ரிக்‌ஷாவில் கால் நீட்டித் தூங்குபவர். படக் படக்கென்று அடித்து ரோலை முடித்துவிடுவார். அந்தப் படங்கள் ஆல்பத்தில் ஏறாது, பிரிண்ட்டும் போட மாட்டார்கள். நெகட்டிவோடு நெகட்டிவாகக் கவருக்குள் போய்விடும். பழங்காநத்தத்து இரவுகள் எங்காவது மிச்சமிருந்தால், அவை இந்தக் கடைசி பிரேம்களில்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

இந்த ஊரின் இரவு கேமராவுக்குப் பிடிகொடுக்காமல் போனது அதற்கும் முந்திய கதை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லினேயஸ் டிரைப் 1858-ல் மதுரையைப் படமெடுத்தார். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அவரிடம் உண்டு. கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பிய விளக்குக் கம்பத்தையும் எடுத்தார். நாம் விளக்குத்தூண் என்று சொல்லி ஜவுளி எடுக்கப் போகிறோமே, அதுதான். விளக்கைக்கூட வெயிலில்தான் எடுக்க முடிந்தது. அவருடைய காகித நெகட்டிவில் படம் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து போய்விட்டவர்கள் தடமே இல்லாமல் மறைந்தார்கள். அல்லங்காடியின் நெரிசலையும் யாமம் யாமமாக இரவையும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் சொன்ன ஊர், கேமராவில் முதலில் விழுந்தபோது பெரும்பாலும் ஆளரவமற்றுத்தான் விழுந்தது.

இனி இன்றைக்கு வருவோம். 2007-ல் வந்த நிக்கான் டி3 டிஜிட்டல் கேமரா ஐ.எஸ்.ஓ. (பழைய ஏ.எஸ்.ஏ.தான்) 6400-ஐத் தயங்காமல் தொட்டது. நானூறு பிலிமைவிட அது பதினாறு மடங்கு. பதினைந்தில் ஒரு பங்கு நொடி கேட்ட அதே தெருவிளக்கு இப்போது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்கிறது. ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுபவரைக்கூட அந்தரத்தில் நிறுத்திவிடலாம். கம்பத்தில் சாய வேண்டாம், மூச்சடக்க வேண்டாம், அந்த அரை நொடிகளைத் தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

விளக்கும் மாறிவிட்டது. முன்பு பைபாஸ் ரோடு, திருப்பரங்குன்றம் ரோடு எல்லாம் சோடியம் விளக்கின் மஞ்சளில் ஊறிக் கிடந்தன. அந்த வெளிச்சத்தில் நிறம் என்று ஒன்று கிடையாது. பூக்காரம்மா கூடையில் மல்லிகையும் செவ்வந்தியும் ஒரே நிறமாகத் தெரியும், பச்சைச் சேலையும் சிவப்புச் சேலையும் பழுப்பாகிவிடும். கலர் பிலிம் போட்டவர்கள் நொந்துகொண்டார்கள், கறுப்பு வெள்ளைக்காரர்கள் கவலைப்படவில்லை. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் எல்.இ.டி. வந்து மல்லிகைக்கு வெள்ளையையும் கனகாம்பரத்துக்கு அதன் காவியையும் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மஞ்சளுக்காக ஏங்குகிறவர்கள் அதற்குக் கீழே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்கள் அல்லர். ஒரு தொந்தரவு உண்டு: எல்.இ.டி. போர்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிவதால், வேகமான ஷட்டரில் எடுத்தால் பஸ்ஸின் ஊர்ப் பலகையில் பாதி எழுத்து காணாமல் போகும். பெயின்ட் பலகையில் அந்த வம்பு இல்லை.

2018-ல் கூகுள் பிக்சலில் நைட் சைட் வந்தது, அடுத்த வருடம் ஐபோனும் பின்தொடர்ந்தது. இவை ஒரு படத்துக்குப் பதில் பல படங்களை எடுத்து அடுக்கி, இருட்டைப் பகல்போல் ஆக்குகின்றன. அடுக்கும்போது நகர்ந்தவர் தேய்ந்து போகிறார். டிரைப் மதுரைக்கு வந்து 160 வருடம் கழித்து, நடந்து போகிறவர் மறுபடியும் மறைகிறார். கட்டடமும் பெயர்ப் பலகையும் பளபளவென்று நிற்கின்றன. இரவுப் படம் என்று பகிரப்படுவதில் பெரும்பகுதி இப்படி ஆளில்லாத பளபளப்புதான்.

ஆள் இருக்கிற படத்துக்கு வேறொரு சிக்கல். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இப்போது போர்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்குவதில்லை. தலை குனிந்திருக்கிறது, முகத்தில் கீழேயிருந்து போன் வெளிச்சம். எடுக்க எளிது, நிமிர்ந்தே பார்க்க மாட்டார். ஆனால் பத்து முகத்தை எடுத்தால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். இயல்பு என்பதோ கல்யாண மண்டபத்துக்குக் குடிபோய்விட்டது. அங்கே 'கேண்டிட்' தனிப் பேக்கேஜ். "கேமராவைப் பாக்காதீங்க சிஸ்டர், அவரைப் பாத்து இயல்பா சிரிங்க" என்று சொல்ல, மணப்பெண் மூன்று தடவை இயல்பாகச் சிரித்துக் காட்டுகிறார்.

தெருவில் கேட்கிற கேள்வியும் மாறியிருக்கிறது. "எப்பண்ணே படம் வரும்?" போய், "எதுல போடுவீங்க?" வந்துவிட்டது. நியாயமான கேள்வி. தள்ளுவண்டியில் இட்லி அவிக்கும் ஓர் அம்மாவின் களைத்த முகம், அவருக்குத் தெரியாமலே இரண்டாயிரம் பேர் இதயம் போட்ட படமாகிவிடுகிறது. கீழே யாரோ கேலி எழுதியிருப்பார்கள், அதைப் பேத்தி வந்து காட்டுவாள். மறைந்திருந்து பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பதை 2013 முதல் சட்டம் குற்றமாகச் சொல்கிறது. பொதுத் தெருவில் எடுக்கும் சாதாரணப் படம் அதில் வராது. அங்கே எடுப்பவரின் மனசாட்சிதான் போலீஸ். நியூயார்க் சுரங்க ரயிலில் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை கோட்டுப் பொத்தான்களுக்கு இடையே கேமராவை ஒளித்துவைத்துப் பயணிகளை எடுத்தார். திருட்டுப் படங்கள்தான். ஆனால் அவற்றைப் புத்தகமாக்க 1966 வரை காத்திருந்தார். இன்று இரண்டு நிமிடம் காத்திருப்பவரே அபூர்வம்.

விதிவிலக்குகளும் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். மதுரைக்காரரான எம். பழனி குமார், மீன் விற்கும் தன் தாயையும் அவரைப் போல உழைக்கும் பெண்களையும் எடுத்தவர். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முதலாக அவருக்குக் கிடைத்தது. மீன் வியாபாரம் விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை. அந்த நேரத்தில் அந்த முகங்களுக்கு முன்னால் ஒரு கேமரா வேற்றாளாகத் தெரியவில்லை என்றால், அதற்கு ஐ.எஸ்.ஓ. காரணமில்லை. வாடிப்பட்டிப் புகைப்படக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரனும் அப்படித்தான், கொரோனா காலத்தில் ஊர் திரும்பித் தன் குடும்பத்தையே எடுத்தார். இருவருமே தாங்கள் பழகிய மனிதர்களிடம் இருந்துதான் தொடங்கினார்கள். பிலிம் காலத்தில் பழகாமல் படம் கிடைக்காது. இப்போது பழகாமலும் கிடைத்துவிடுகிறது. சராசரி இரவுப் படம் அன்றைக்கு மங்கல், ஆட்டம், கரி, இன்றைக்குத் துல்லியம். இருந்தும் மனிதர்களைப் பொறுத்தவரை அந்த மங்கலுக்கே நான் ஓட்டுப் போடுவேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடி வருகின்றன, பழைய நெகட்டிவ்கள் மூட்டையாகக் கட்டிப் பரணிலும் பழைய பேப்பர் கடையிலும் கிடக்கின்றன. மதுரை வெக்கைக்கு பிலிம் தாங்காது. கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பக்கத்து பிலிமையும் கெடுக்கும். அப்படிப்பட்டதைத் தனியே பிரித்து வையுங்கள். கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, பின்னால் வெள்ளை விளக்கு வைத்து, உங்கள் போனிலேயே படமெடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்பாவோ மாமாவோ அந்தக் காலத்தில் பழங்காநத்தம் பக்கம் கல்யாண போட்டோ எடுத்தவர் என்றால், தாலி கட்டும் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ரோலிலும் கடைசித் துண்டை முதலில் பாருங்கள்.